ஆறே முக்கால் அடிக் கயிறு: பிரபுபாதர் கதையை ஒரு மணி நேரத்தில் சொல்வது எப்படி

என் தொழில் தையல். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் மெஷினை மூடி வைத்துவிட்டு, பஜனைக்குக் கூடும் இருபது, இருபத்தைந்து பேருக்கு ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு மகானின் கதை சொல்வேன். படித்த பௌராணிகர் இல்லை. சொல்லிச் சொல்லி, தப்பு செய்து செய்து பழகியது. பக்தியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதரின் கதையைத் தங்கள் பஜனைக் குழுவில் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதியது இது.

முதலில் நான் செய்த இரண்டு தப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை, “1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி கல்கத்தாவில்” என்று ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து நிமிடம் ஆனபோது அவர் இன்னும் கப்பலே ஏறவில்லை. முன் வரிசையில் ஒரு பாட்டி நன்றாகத் தூங்கிவிட்டார். மீதியைப் பத்து நிமிடத்தில் ரயில் வண்டி மாதிரி ஓட்டினேன். இரண்டாவது முறை உஷாராகி, நேரே கப்பலில் ஆரம்பித்து, நியூயார்க், கோயில்கள், பிரபலங்கள் என்று ஜமாய்த்தேன். கைதட்டல் எல்லாம் வந்தது. முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, “அக்கா, அவ்வளவு நல்லா செய்யத் தெரிஞ்சவர் ஏன் எழுபது வயசு வரைக்கும் சும்மா இருந்தார்?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத கதை என்ன கதை?

அப்போதுதான் கயிறு யோசனை வந்தது. நீங்களும் இதையே செய்யுங்கள். வெள்ளை நூல் கயிறு 81 இஞ்ச் வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் இஞ்சுக்கு ஒரு வருடம். அவர் வாழ்ந்தது 81 வருடம். ஆறே முக்கால் அடி வரும். ஒரு முனையிலிருந்து அளந்து 26வது இஞ்சில் ஒரு முடிச்சு போடுங்கள், அது 1922. 63வது இஞ்சில் ஒன்று, 1959. 69வது இஞ்சில் பெரிய முடிச்சாக ஒன்று, சிவப்பு நூலால் சுற்றிவிடுங்கள். அது 1965. அதற்கு அப்புறம் மிச்சம் இருப்பது சரியாக ஓர் அடி. உலகம் முழுக்கத் தெரிந்த பிரபுபாதர் அந்த ஓர் அடிக்குள் இருக்கிறார்.

முதலில் என் இஞ்ச் டேப்பையே காட்டலாம் என்றுதான் நினைத்தேன். அது 60லேயே முடிந்துவிடுகிறது. 60இல் அவர் இன்னும் சன்னியாசம்கூட வாங்கவில்லை. இதையும் கூட்டத்தில் சொல்வேன். ரிட்டயர் ஆனவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆரம்பிக்கும்போது இரண்டு குழந்தைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு முடிச்சில் விரலை வைத்து, பிறந்த நாளிலிருந்து அல்ல, ஒரு பிறந்தநாளிலிருந்து தொடங்குங்கள். 1965 ஆகஸ்ட், கொச்சித் துறைமுகம். சிந்தியா கம்பெனியின் சரக்குக் கப்பல் ஜலதூதா நிற்கிறது. கல்கத்தாவில் 13ஆம் தேதி கிளம்பி, கொழும்பு தொட்டு வந்திருக்கிறது. கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள். திதிப்படி அன்று அவருக்கு 69 முடிகிறது. பம்பாயிலிருந்து வந்த டிரங்குப் பெட்டிகளை ஏற்றுகிறார்கள். உள்ளே இருப்பது பாகவதத்தின் முதல் ஸ்கந்தம், அதாவது முதல் பகுதி, அவரே இங்கிலீஷில் எழுதி, அவரே காசு திரட்டி அச்சடித்தது. செட்டுக்கு மூன்று புத்தகம், மொத்தம் 200 செட். கையில் 40 ரூபாய். அதற்கு மேல் வெளியே கொண்டுபோக அன்றைய சட்டம் விடவில்லை. டாலராக மாற்றினால் பத்துகூடத் தேறாது. போகிற ஊரில் சொந்தம் கிடையாது. மதுராவில் பழக்கமான ஒரு வியாபாரியின் மகன் அமெரிக்காவில் இருந்தான், அவன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டதால் விசா கிடைத்தது.

இங்கே நிறுத்துங்கள். “இவர் ஏன் இந்த வயதில் கிளம்பினார்?” என்று கேட்டுவிட்டு, விரலைக் கயிற்றின் தொடக்கத்துக்கு நகர்த்துங்கள். இனிமேல் பின்னோக்கிப் போனாலும் யாரும் தூங்க மாட்டார்கள், கப்பல் காத்துக்கொண்டு நிற்கிறதல்லவா.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் நிமிடத்திலிருந்தே “ஸ்ரீல பிரபுபாதர்” என்றால், ஐந்து வயதுப் பையனும் பூஜை அறைப் படமாகிவிடுவான். அந்தந்தக் காலத்துப் பெயரையே சொல்லுங்கள். சின்ன வயதில் அபய், முழுப் பெயர் அபய் சரண் டே. நியூயார்க்கில் பையன்கள் அவரை சுவாமிஜி என்றுதான் கூப்பிட்டார்கள். பிரபுபாதர் என்ற பெயர் 1968இல்தான் வந்தது. அந்தப் பெயரைக் கதையில் அது வரும் இடத்தில் வையுங்கள், காதில் விழும்போதே எடை தெரியும்.

குழந்தைப் பருவத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அப்பா கௌர் மோகன் டே துணி வியாபாரி. (எனக்கு இந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான், சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.) மகன் வக்கீலாக வேண்டும், டாக்டராக வேண்டும் என்று கேட்காமல், வீட்டுக்கு வருகிற சாதுக்களிடம் எல்லாம் “என் பையன் ராதாராணியின் அருளுக்குப் பாத்திரமாகணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்கள்” என்று கேட்டவர். மிருதங்கம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பையன் ரதயாத்திரை நடத்த வேண்டும் என்று அடம் பிடித்தபோது, மூன்றடி உயரத்தில் ஒரு சின்னத் தேர் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தேரை மட்டும் நன்றாகச் சொல்லுங்கள், பின்னால் அது திரும்ப வரும். கசோரி என்ற பொரித்த பலகாரம் என்றால் உயிர், பை நிறையத் திணித்துக்கொண்டு திரிவான் என்பதையும் குழந்தைகளுக்காகச் சேர்க்கலாம்.

கல்லூரி, கல்யாணம், காந்தி: இதை மூன்றே வாக்கியத்தில் கடந்துவிடுங்கள். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்தார், 1918இல் கல்யாணம், 1920இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுப் பட்டத்தை வாங்காமல் விட்டார். மருந்துக் கம்பெனியில் வேலை.

அடுத்தது முதல் முடிச்சு, 1922. இங்கே மெதுவாகப் போங்கள். கல்கத்தா உல்டாடாங்காவில் ஒரு சாதுவைப் பார்க்க நண்பன் இழுத்துக்கொண்டு போகிறான். அபய்க்கு விருப்பமே இல்லை, வீட்டுக்கு வந்த எத்தனையோ சாதுக்களைப் பார்த்துச் சலித்தவர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை. உட்கார்ந்த உடனே அந்தச் சாது, பக்திசித்தாந்த சரஸ்வதி, “நீங்கள் படித்தவர்கள். சைதன்யருடைய செய்தியை இங்கிலீஷில் உலகத்துக்கு ஏன் சொல்லக்கூடாது?” என்கிறார். (சைதன்யர், வங்காளத்தில் கிருஷ்ண பக்தியைப் பரப்பிய மகான்.) அபய் எதிர்வாதம் செய்கிறார்: நாம் அடிமை நாடு, நம் பேச்சை யார் கேட்பார்கள்? ஆட்சி இன்று ஒன்று நாளை ஒன்று, ஆத்மாவின் தேவை அதற்காகக் காத்திருக்காது என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். வாதத்தில் தோற்றதில் தனக்கு சந்தோஷம் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது இரண்டு குரலில் பேசிப் பாருங்கள். அபயின் குரல் கொஞ்சம் சூடாகவே இருக்கட்டும்.

அந்த முடிச்சிலிருந்து சிவப்பு முடிச்சு வரைக்கும் கயிற்றைக் கையால் தடவிக் காட்டுங்கள். 43 இஞ்ச். என் கணக்கில் உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதி இந்த 43 இஞ்சுக்குத்தான். பொதுவாக எல்லோரும் இதைத்தான் “பல சோதனைகளுக்குப் பிறகு” என்று இரண்டு வார்த்தையில் தாண்டிவிடுகிறார்கள். சோதனைகளுக்கு முகம் கொடுங்கள்.

அந்தச் சாதுவையே குருவாக ஏற்றுத் தீட்சை வாங்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அலகாபாத்தில் மருந்துக் கடை. குடும்பம், பிள்ளைகள். 1935இல் ராதாகுண்டத்தில் குரு, “கையில் பணம் வந்தால் புத்தகம் அச்சடி” என்கிறார். 1936 டிசம்பரில் அபய் ஒரு கடிதம் எழுதுகிறார், நான் என்ன சேவை செய்யட்டும் என்று. இங்கிலீஷில் எடுத்துச் சொல், அது உனக்கும் நல்லது, கேட்பவர்களுக்கும் நல்லது என்று பதில் வருகிறது. இரண்டு வாரத்தில் குரு மறைந்துவிடுகிறார், 1937 ஜனவரி 1. 1922இல் சொன்ன அதே வேலைதான் கடைசிக் கடிதத்திலும் இருந்தது.

1944இல், யுத்தக் காலத்தில், காகிதமே கிடைக்காத நாளில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை தொடங்குகிறார். எழுதுவது அவர், டைப் அடிப்பது அவர், புரூஃப் பார்ப்பது அவர், விற்பதும் அவர். அப்புறம் வருடக்கணக்கில் டில்லி டீக்கடைகளில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி நீட்டியிருக்கிறார். வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார். தெருவில் மாடு முட்டித் தள்ளியிருக்கிறது. 1953இல் ஜான்சியில் ‘பக்தர்கள் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். உலகம் முழுவதற்கும் என்று திட்டம் எழுதினார், கூட நின்றது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கடைசியில் அந்தக் கட்டடமும் கைவிட்டுப் போயிற்று. மருந்துத் தொழில் ஏற்கெனவே படுத்தாயிற்று.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும்: “ஆனாலும் அவர் மனம் தளரவில்லை” என்று சேர்த்துச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். தளர்ந்தாரா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலையிலும் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார் என்று சொன்னால் போதும்.

1959இல் மதுராவில் சன்னியாசம். பிருந்தாவனத்தில் ராதா தாமோதர் கோயிலில் சின்ன அறை, அங்கேதான் பாகவத மொழிபெயர்ப்பு. நள்ளிரவு தாண்டி எழுந்து எழுதுகிற பழக்கம் கடைசி வரைக்கும் இருந்தது. மூன்று புத்தகம் அச்சானதும், சிந்தியா கம்பெனியின் தலைவி சுமதி மொரார்ஜியிடம் போய்க் கப்பலில் இடம் கேட்கிறார். இந்த வயதில் போனால் அங்கேயே உயிர் போய்விடும் என்று அந்த அம்மா தயங்குகிறார். அப்புறம் கொடுத்துவிடுகிறார்.

இப்போது விரல் சிவப்பு முடிச்சுக்கு வந்தாயிற்று, கப்பல் கிளம்பலாம். அரபிக் கடலில் வாந்தி, தலைசுற்றல். அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு முறை மாரடைப்பு. மூன்றாவது வந்தால் பிழைக்க மாட்டோம் என்று அவரே நினைத்தார். இங்கே குரலை உயர்த்திவிடாதீர்கள், அவருடைய டைரியில் நாடகமே இல்லை. செப்டம்பர் 13, பயணத்தின் 32வது நாள்: காலையில் சரியாகச் சாப்பிட முடியவில்லை, பிறகு தானே ஒரு காய்கறிச் சமையல் செய்ததாகவும், ருசியாக இருந்ததால் கொஞ்சம் சாப்பிட முடிந்ததாகவும் எழுதியிருக்கிறார். கூடவே, தன் துணையான கிருஷ்ணனிடம் மனதைத் திறந்து சொன்னேன் என்றும். சமையலும் சாமியும் ஒரே பாராவில். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான் பேசுவார்கள். இதை நான் வாசித்தால் கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது.

செப்டம்பர் 17இல் பாஸ்டன், இரண்டு நாள் கழித்து நியூயார்க். பாஸ்டன் துறையில் நின்ற கப்பலில் உட்கார்ந்து வங்காளியில் ஒரு பாட்டு எழுதினார். என்னை ஏன் இங்கே கொண்டுவந்தாய், இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பேன், நான் மரப்பாவை, நீ ஆட்டிவைக்கிறபடி ஆட்டிவை என்பது அதன் பொருள். பக்திவேதாந்தன் என்று எனக்குப் பட்டம், பக்தியும் இல்லை வேதமும் இல்லை என்றும் முடிவில் வரும். ஆட்டுவித்தால் ஆடுகிறவர்கள் நாம் என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராகம் தெரியாவிட்டாலும் பொருளை நிதானமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இறங்கியதும் எல்லாம் கூடிவந்துவிட்டது என்ற மாதிரி சொன்னால் கதை கெட்டது. முதல் மாதம் பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சின்ன ஊரில் விசாவுக்குப் பொறுப்பேற்றவர் குடும்பத்தின் ஆதரவில். அப்புறம் நியூயார்க் குளிர். அறையிலிருந்த டைப்ரைட்டரையும் டேப் ரெக்கார்டரையும் யாரோ திருடிக்கொண்டு போனார்கள். பௌரி என்ற தெருவில் ஒரு மாடியில் கூடத் தங்கியிருந்த இளைஞன் போதை மருந்தில் புத்தி பேதலித்து மேலே பாய வர, இவர் அப்படியே படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார். கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், இந்தியாவுக்கு அடுத்த கப்பல் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இது. கப்பல் தேதியை விசாரித்துவிட்டு வந்து, சாயங்காலம் கீதை வகுப்பு எடுத்திருக்கிறார்.

இரண்டாம் அவென்யூ 26ஆம் எண் கடைக்கு மாறியது 1966இல். முன்பு அங்கே பரிசுப்பொருள் கடை இருந்தது. ‘மாட்ச்லெஸ் கிஃப்ட்ஸ்’, ஈடு இணையற்ற பரிசுகள் என்ற பழைய போர்டு அப்படியே தொங்கியது. அதை மாற்றவில்லை. ஜூலையில் சங்கத்தைப் பதிவு செய்தபோது பெயர் ‘கிருஷ்ண பக்திக்கான சர்வதேசச் சங்கம்’, இங்கிலீஷ் சுருக்கத்தில் இஸ்கான். சர்வதேசம் என்று இருந்தது அந்த ஒரு கடைதான். இங்கே கூட்டம் கட்டாயம் சிரிக்கும், சிரிக்க விடுங்கள்.

பாட வேண்டிய இடம் அக்டோபர் 9, 1966. டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஒரு பெரிய எல்ம் மரத்தடி. சுவாமிஜி சின்ன பாங்கோ மேளத்தைத் தட்டுகிறார், பையன்கள் ஜால்ரா போடுகிறார்கள், ஊர்க் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. நீங்களும் இங்கே மஹாமந்திரத்தை மெதுவாக ஆரம்பியுங்கள். மூன்றே பெயர்கள்: ஹரே, கிருஷ்ண, ராம. மொத்தம் 16 நாமம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டி ஒரு இடைவெளி விட்டால் தாளம் தானாக வந்துவிடும். எட்டு தடவை போதும். நான் ஒரு முறை ஆவேசத்தில் இருபது நிமிடம் பாடிவிட்டு, கடைசி ஐந்து இஞ்சைச் சொல்ல நேரம் இல்லாமல் திண்டாடினேன்.

ஜப எண்ணிக்கை பற்றிக் கேட்பார்கள். 64 சுற்று என்றுதான் சுவாமிஜி ஆரம்பித்தார். அந்தப் பையன்கள் முகத்தைப் பார்த்துக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் 16இல் நிறுத்தினார். 108 மணியில் 16 சுற்று, நாளைக்கு 1,728 மந்திரம். மாமிசம், போதை, சூது, முறைதவறிய உறவு ஆகிய நான்கும் கூடாது. போதையில் டீயும் காபியும் அடக்கம் என்று சொல்லும்போது எங்கள் கூட்டத்தில் பெருமூச்சு கேட்கும்.

மீதியை வேகமாகச் சொல்லலாம், அதுதான் அழகும்கூட. குழந்தைகள் பிடித்திருக்கும் கயிற்றின் கடைசி அடியில் விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோ. அங்கே இறக்குமதிச் சாமான் கடையில் ஒரு சிஷ்யை ஒரு சின்ன மர பொம்மையைப் பார்த்து வாங்கிவந்து காட்டுகிறாள். இவர் கைகூப்பி வணங்குகிறார், அது ஜகந்நாதர். அந்த ஜூலையில் ஒரு லாரியின் மேல் பந்தல் கட்டி ரதயாத்திரை போகிறது. மூன்றடித் தேரை இழுத்த பையனைக் கூட்டம் இந்த இடத்தில் தானாகவே ஞாபகப்படுத்திக்கொள்ளும், நீங்கள் சொல்ல வேண்டாம். 1969இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் துணையோடு மந்திரம் இசைத்தட்டாக வந்தது. 1971இல் மாஸ்கோவில் ஐந்து நாள். 1975இல் பிருந்தாவனத்தில் கிருஷ்ண பலராமர் கோயில். பன்னிரண்டு வருடத்தில் உலகத்தைப் பதினான்கு சுற்று, 108 கோயில், எழுபதுக்கு மேற்பட்ட புத்தகத் தொகுதிகள். எண்களை ஒரே மூச்சில் சொல்லி விட்டுவிடுங்கள், அடுக்கினால் விளம்பரமாகிவிடும்.

கேள்வி நேரத்துக்குத் தயாராகப் போங்கள். “இவர்தான் முதலில் போனவரா?” இல்லை. விவேகானந்தர் 1893இலேயே சிகாகோ போனார், யோகானந்தர் 1920இல் பாஸ்டன். சைதன்யரின் பக்தியைக்கூட பிரேமானந்த பாரதி என்பவர் 1902இல் நியூயார்க்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். மற்றவர்களைக் குறைத்தால்தான் இவர் பெரியவர் ஆவார் என்பது இல்லை.

“பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர்தானே?” இதைக் கேட்பது எப்போதும் பெண்கள்தான், கேட்கவும் வேண்டும். அவருடைய பாகவதப் பிரதியை வீட்டில் எடைக்குப் போட்டு டீக்கு பிஸ்கட் வாங்கினார்கள், அவர் கிளம்பிவிட்டார் என்று ஒரு சம்பவம் சொல்வார்கள். அதைச் சிரிப்புக்காகச் சொல்லி அவர் மனைவி ராதாராணி அம்மாளை வில்லியாக்காதீர்கள். தொழில் ஏறி இறங்கிய வீட்டில் பிள்ளைகளோடு மிஞ்சியது அந்த அம்மாள்தான். நான் அந்தப் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். சந்திரனுக்கு மனிதன் போனதை அவர் ஏற்கவில்லை, பெண்களைப் பற்றிச் சொன்ன சில வார்த்தைகள் எனக்கே ஒப்பவில்லை. கேட்டால் மழுப்பாமல் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மழுப்பினால் கப்பல் டைரியையும் நம்ப மாட்டார்கள்.

முடிவு 1977 நவம்பர் 14, பிருந்தாவனம். படுக்கையில், எழுந்து உட்கார முடியாத நிலையிலும், பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தை மெல்லிய குரலில் ரெக்கார்டரில் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடியவில்லை. இங்கே கயிற்றை நீங்களே வாங்கிச் சுருட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் கை வலிக்கும்.

பிரசாதத்துக்கு எங்கள் குழுவில் குலாப் ஜாமூன்தான். இரண்டாம் அவென்யூ கடையில் ஒரு ஜாடி நிறைய அது இருக்கும், போதையை விட முயலும் பையன்கள் வந்து வந்து எடுத்துத் தின்பார்கள். அதற்கு ‘இஸ்கான் தோட்டா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுச் செய்யுங்கள், கதை முடியும்வரை மூடியைத் திறக்காதீர்கள். ஏலக்காய் வாசனை வந்த பிறகு மாஸ்கோவையும் பிருந்தாவனத்தையும் கேட்க எங்கள் கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை.